நாலு கடையும் ஒரு கோழித் தலையும்

"ஒண்ணை வெச்சுக்கோ, மூணை மூடு. எதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றாள் சுங்-ரென்னின் மனைவி லி-யுன், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்தபடி.

அந்த வீட்டில் இரண்டு வருடங்களாக யாரும் நேராக நடந்ததில்லை. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். சுங்-ரென் சோயாப்பால் கோப்பையைக் கீழே வைக்கப் பார்த்தான். இடமில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"நாலும் என் பிள்ளைங்க மாதிரி, லி-யுன். எந்தப் பிள்ளையைத் தூக்கிப் போடச் சொல்றே?"

"பிள்ளைங்கன்னா வளரணும்ல? இதுங்க நாலும் ரெண்டு வருஷமா தவழுதுங்க."

நாலும் இணையக் கடைகள். தைவானின் தைச்சுங் நகரத்தில் நல்ல கம்பெனி ஒன்றில் கடைசல் இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த சுங்-ரென், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தவை. முதலாவது 'மியாவ் மழை'. பூனைகளுக்கு மழைக்கோட்டு விற்கும் கடை. அடுத்தது 'இறால் ராஜா'. கொட்டகைக்குள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து இறால் பிடிக்கிறவர்களுக்குத் தூண்டில் விற்கும் கடை. மூன்றாவது 'இடக்கை இல்லம்'. இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல், கரண்டி, டப்பா திறப்பான் அங்கே கிடைக்கும்.

நான்காவது 'மேலுலக மால்'. முன்னோர்களுக்கு எரித்து அனுப்பும் காகிதச் சாமான்கள். காகித ஏசி, காகித மசாஜ் நாற்காலி, அதற்கு ஒரு காகித ரிமோட். எல்லாவற்றுக்கும் இரண்டு வருட வாரண்டி அட்டை உண்டு. வாரண்டி அட்டை சுங்-ரென்னின் சொந்த யோசனை. இதுவரை ஒருவரும் பழுது என்று திருப்பி அனுப்பவில்லை என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

"வருஷக் கடைசி விருந்து வரைக்கும் டைம்" என்றாள் லி-யுன். "அன்னிக்குள்ள ஒரு கடையாவது உருப்படியா நிக்கணும். இல்லேன்னா அண்ணனோட ஃபேக்டரிக்குப் போயிடு. அவன் ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அந்த ஃபேக்டரி பேச்சை எடுத்தாலே சுங்-ரென் வேறு பேச்சுக்குத் தாவுவான். மச்சானுடையது ஸ்க்ரூ செய்யும் ஃபேக்டரி. ஒருமுறை ஒரு வாரம் போய்ப் பார்த்தான். மச்சான் அவனைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. "ஏய் இன்டர்நெட், அந்தப் பெட்டியை நகர்த்து" என்பான். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. தன் கையால் ஒன்றைத் தொடங்கி, அது ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சுங்-ரென்னுக்கு ஓர் ஆசை. ஃபேக்டரிக்குள் கால் வைத்தால் அந்த ஆசைக்குச் சமாதி கட்டிவிட வேண்டியதுதான்.

"மூடறதுன்னா சும்மா மூடாதே" என்றாள் லி-யுன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. ஸ்டேஷன் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுடையது. "கடையை மூடறோம், எல்லாம் பாதி விலைன்னு போடு. சரக்காவது தீரும். அப்புறம், அந்த மழைக்கோட்டுக்கு என்ன எழுதியிருக்கே?"

"'உங்கள் பூனையின் வாழ்க்கையை மாற்றும் ஆடை.'"

"உங்க அம்மா பூனைக்குப் போட்டோமே, ரெண்டு நாள் அலமாரிக்குக் கீழேருந்து வெளியவே வரலை. 'பூனைக்குப் பிடிக்காது, ஆனா போட்டோ நல்லா வரும்'னு உள்ளதை எழுதேன். நாலு பேரு சிரிச்சுக்கிட்டே வாங்குவாங்க."

"வியாபாரத்துல போய் உண்மையை எழுதுவாங்களா? உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"எனக்கு எங்க புரியப்போகுது!" என்று சொல்லிவிட்டு அவள் பக்கவாட்டில் நடந்து போய்விட்டாள்.

சுங்-ரென் பகல் முழுக்க யோசித்தான். நான்கையும் ஒரு தாளில் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு 'மியாவ் மழை'யை வைத்துக்கொள்வது, மற்ற மூன்றையும் மூடுவது என்று முடிவெடுத்தான். மூன்று கடைகளின் வாசலிலும் சிவப்பு எழுத்தில் 'விடைபெறுகிறோம், பாதி விலை' என்று போட்டான். போடும்போது கண் கலங்கியது உண்மை.

இரண்டே நாளில் அந்த மூன்று கடைகளும் பிய்த்துக்கொண்டு போயின. ஆறு மாதமாக ஒருவரும் சீண்டாத இடக்கைக் கரண்டியை ஒரே ஆள் பன்னிரண்டு வாங்கினார். காகித மசாஜ் நாற்காலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வைத்துக்கொள்வதாக முடிவெடுத்த மழைக்கோட்டுக் கடைக்கு ஓர் ஈ எறும்புகூட வரவில்லை.

"தப்பான கடையை வெச்சுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் சுங்-ரென். உடனே மூன்று கடைகளிலிருந்தும் சிவப்பு எழுத்தை எடுத்தான். மழைக்கோட்டுக் கடையில் கொண்டுபோய் மாட்டினான்.

மறுநாள் மழைக்கோட்டுகள் பறந்தன. மற்ற மூன்றும் படுத்துவிட்டன.

மாலையில் லி-யுன் வந்ததும் அவளை உட்காரக்கூட விடவில்லை அவன்.

"இதுல ஒரு ரகசியம் இருக்கு, லி-யுன். மூடற கடைதான் ஓடுது. ஓடற கடை மூடிக்குது."

"அப்படியா?" என்றாள் அவள், காலணியைக் கழற்றியபடி.

"இன்னொண்ணு கேளு. பார்சல் எல்லாம் எங்க போகுது தெரியுமா? முக்கால்வாசி உங்க ஸ்டேஷன் பக்கத்து இருபத்து நாலு மணி நேரக் கடைக்கு! வாங்கறவங்க அங்க வந்து எடுத்துக்கறாங்க. பேரு வேற வேற, ஏரியா ஒண்ணு. அந்தப் பக்கம் நம்ம பேரு பரவிடுச்சு!"

"ஸ்டேஷன்னா நாலு ஜனம் வந்து போற இடம்தானே" என்றாள் லி-யுன். "சாப்பிட்டியா?"

சாப்பிடும் நிலையிலா அவன் இருந்தான்! அன்றைக்கே நான்கு கடைகளிலும் சிவப்பு எழுத்தை மாட்டிவிட்டான். நான்கும் மூடுகின்றன, நான்கும் ஓடுகின்றன. நான்கும் ஓடினால் எதையும் மூட வேண்டாமே! கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல்தான். நான்கே நாளில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. கூடத்தில் முதல்முறையாகத் தரை தெரிந்தது. லி-யுன் ஒரு தடவை நேராக நடந்துகூடப் பார்த்தாள்.

மூடுவதற்குச் சரக்கு வேண்டுமே என்று சுங்-ரென் மொத்த வியாபாரிக்கு போன் போட்டான்.

"கடையை மூடறேன், முந்நூறு கரண்டி அனுப்புங்க" என்றான். "இடக்கைக் கரண்டி."

"மூடறதுக்கு முந்நூறா?" என்று எதிர்முனையில் ஒரு குரல் கேட்டது.

"ஆமாங்க. நல்லா மூடணும்."

முந்நூறு கரண்டியும் வந்தன. கூடவே மழைக்கோட்டு, தூண்டில், ஆள் உயரத்துக்குக் காகிதத்தில் செய்த துணி துவைக்கும் இயந்திரம் நாற்பது. கூடம் நிறைந்து, பெட்டிகள் படுக்கையறைக்குள் புகுந்தன. சரக்கு வந்த அன்றோடு விற்பனை நின்றுபோனது. ஒன்றுகூட நகரவில்லை. கடல்புறத்தில் இருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'பத்து நாளாக மூடிக்கொண்டே இருக்கிறீர்களே, கதவு சிக்கிக்கொண்டதா? உதவிக்கு ஆள் வேண்டுமா?'

"ஏன் நின்னுச்சுன்னே புரியலையே!" என்று சுங்-ரென் புலம்பினான்.

"வாங்கறவங்க வீட்லயும் வெக்க இடம் வேணும்ல" என்றாள் லி-யுன், முந்நூறு கரண்டிகளைத் தாண்டிக் கட்டிலுக்கு ஏறியபடி. "ஒருத்தர் எத்தனைதான் வாங்குவாரு?"

மனுஷ முயற்சியெல்லாம் கைவிட்ட பிறகு என்ன செய்வது? இயந்திரங்கள் மக்கர் பண்ணாமலிருக்க ஊரே செய்வது போல, ஒரு பச்சைப் பாக்கெட் சோளப்பொரியை வாங்கி வந்து கம்ப்யூட்டர் மேல் வைத்தான். மறுநாள் காலை பசி தாங்காமல் அதைப் பிரித்துத் தின்றவனும் அவனேதான். அதற்குப் பிறகு நேரே சந்து முனைக் கோயிலுக்குப் போனான், மண்காக்கும் சாமியிடம்.

அந்தச் சாமிதான் கடைக்காரர்களுக்கெல்லாம் பொறுப்பு. பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சுங்-ரென் ஊதுவத்தியைப் பிடித்தபடி நான்கு கடைகளின் இணைய முகவரிகளையும் புள்ளி, கோடு விடாமல் சத்தமாகச் சொன்னான்.

பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "தம்பி, பாஸ்வேர்டையும் சொல்லிடாதீங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அவன் சிவப்புப் பிறைக் கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தான். போட்டால் ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழ வேண்டும். அதுதான் சம்மதம். மூன்று தடவை அப்படி விழுந்தால் சாமி சத்தியம் பண்ணினதற்குச் சமம்.

"மியாவ் மழையை வெச்சுக்கவா?" இல்லை. "இறால் ராஜா?" இல்லை. "இடக்கை இல்லம்?" இரண்டு கட்டைகளும் மல்லாந்து சிரித்தன. "மேலுலக மால்? உங்களுக்கு வேண்டப்பட்ட கடை சாமி, கொஞ்சம் பாருங்க." இல்லவே இல்லை.

"அப்ப எங்க வீட்டுல கடைன்னு ஒண்ணு ஓடவே ஓடாதா?" என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டான். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து. பதறிப்போய்க் கேள்வியைத் திருப்பினான். "இல்ல, இல்ல, தப்பாக் கேட்டுட்டேன். ஓடுமா, ஓடாதா? ஓடும்னா சொல்லுங்க." சம்மதம். மறுபடியும் சம்மதம். மூன்றாம் தடவையும் சம்மதம்.

வீட்டுக்கு ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னான். "சாமி சொல்லிட்டாரு! நம்ம வீட்டுல ஒரு கடை ஓடுமாம். ஆனா இந்த நாலுல எதுவும் இல்லையாம்!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லி-யுன்னின் கை நின்றது. தேநீர் கோப்பையைத் தாண்டி மேஜையில் ஓடியது.

"சாமியா சொன்னாரு?"

"மூணு தடவை! இதுக்கு என்ன அர்த்தம்? அஞ்சாவதா ஒண்ணு திறக்கணும்னுதானே?"

"ஐயோ ராசா!" என்று அவள் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "அஞ்சாவதா ஒண்ணும் திறக்க வேணாம். இருக்கறதை முதல்ல முடி."

கடைசிச் சந்திர மாதம் பதினாறாம் நாளும் வந்துவிட்டது. வருடம் முழுக்கச் சாமிக்குப் படையல் வைத்த கடைக்காரர்கள் கடைசிப் படையலை வைத்துவிட்டு வேலையாட்களுக்கு விருந்து போடும் நாள். அந்த விருந்தில் எல்லாரும் பயந்து பயந்து பார்ப்பது முழுக் கோழியைத்தான். முதலாளி கோழியின் தலையை யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ, அந்த ஆளுக்குப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை. வாயைத் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் மனசுள்ள முதலாளிகள் தலையைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்கிறார்கள். அப்போதுதான் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இது ஞாபகம் வந்ததும் சுங்-ரென் துள்ளிக் குதித்தான். நான்கு கடைகளும் வேலையாட்கள், அவன் முதலாளி. தன் வாயால் சொல்ல முடியாததைக் கோழி சொல்லட்டும்!

நடுவில் சுழலும் தட்டு உள்ள வட்ட மேஜையைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டான். நான்கு கடைகளின் முகப்பையும் அச்செடுத்து நான்கு கிண்ணங்களில் சாய்த்து வைத்தான். மேஜை ஆடியது. எதிர்ப்பக்கக் காலுக்கு இறால் தூண்டில் விலைப்பட்டியலை மடித்து முட்டுக் கொடுத்தான். அதனால் மேஜை தன் பக்கமாக லேசாகச் சரிந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

லி-யுன் வெந்த கோழியைத் தலையோடு கொண்டுவந்து நடுத்தட்டில் வைத்தாள். பிறகு இன்னொரு கிண்ணத்தையும் சாப்பிடும் குச்சிகளையும் எடுத்து வைத்தாள்.

"இது யாருக்கு?"

"ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன். பெங்னு பேரு. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில பார்சல் எடுத்துக் குடுக்கறவரு. பசங்க எல்லாம் வெளியூர்ல. தனியா சாப்பிடறாரேன்னு..."

"நம்ம வாடிக்கையாளருங்க எல்லாரையும் அவருக்குத் தெரியும்!" என்று சுங்-ரென்னுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல வேலை பண்ணினே. வரட்டும். அதுக்குள்ள நான் முடிவைத் தெரிஞ்சுக்கறேன். மூணு சுத்து. தலை காட்டற கடைங்க போகும், மிஞ்சறது நிக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு தட்டைச் சுழற்றினான். கோழி இரண்டு வட்டம் ஓடி, வேகம் குறைந்து, ஊர்ந்து வந்து நின்றது. கண்ணைத் திறந்தான். கோழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கணக்கில்லை" என்றான்.

இரண்டாவது சுற்று. 'மேலுலக மால்' பக்கம் நிற்பது போலப் போக்குக் காட்டிவிட்டுக் கோழி நிதானமாகத் திரும்பி அவன் முன்னால் வந்து நின்றது. மூன்றாவது சுற்றுக்குக் கொஞ்சம் கோபத்தோடு தள்ளினான். சாறு சட்டையில் தெறித்தது. கோழி மறுபடியும் அவனைத்தான் பார்த்தது.

சுங்-ரென் நாற்காலியில் சாய்ந்தான். சாமியும் சொல்லியாயிற்று, கோழியும் சொல்லியாயிற்று.

"கடைங்க மேல குத்தம் இல்லை, லி-யுன்" என்றான் மெதுவாக. "ஆள்தான் சரியில்லை. யாருக்கும் வேண்டாத சாமானா பாத்துப் பாத்து வாங்கி வெச்சிருக்கேன். உன் அண்ணனுக்கு போன் போடு. புத்தாண்டு முடிஞ்சதும் வரேன்னு சொல்லு."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. லி-யுன் அவனைப் பார்த்தாள். எட்டித் தட்டைத் திருப்பிக் கோழியின் தலையைத் தன் பக்கம் கொண்டுவந்தாள்.

"தலை இந்தப் பக்கம் இருக்கட்டும்."

"அது முதலாளி பக்கம்ல இருக்கணும்?"

"சம்பளம் போடறவங்க பக்கம் இருக்கட்டுமே."

பல் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் குடித்தனம் ஓடுவதைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது. தலைகுனிந்துகொண்டான். அவள் கையை எடுத்ததும் தட்டு அசைந்தது. சத்தமில்லாமல் ஊர்ந்து, கோழி பழைய இடத்துக்கே வந்து அவனைப் பார்த்தது.

அழைப்பு மணி அடித்தது. ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வாசலில் நின்றார் பெங். அறுபது வயதிருக்கும், கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். உள்ளே வந்தவர் கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இடக்கைக் கரண்டி, பூனை மழைக்கோட்டு, காகிதத் துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றின் மேல் எழுதியிருந்ததையும் வாய்க்குள் படித்தார். தங்கப் புதையலைக் கண்டவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"இன்னும் இவ்வளவு இருக்கா!" என்றார்.

"அண்ணே, முதல்ல உக்காருங்க, சாப்பிடலாம்" என்று லி-யுன் அவசரமாக நாற்காலியை இழுத்தாள்.

உட்காரப் போன பெங்கின் பார்வை மேஜை மேல் விழுந்தது. கோழித் தலையைப் பார்த்தார். அது பார்க்கும் திசையைப் பார்த்தார். சட்டையில் சாறு தெறித்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்த சுங்-ரென்னைப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவி, ஆரஞ்சுகள் தரையில் உருண்டன.

"ஐயையோ முதலாளியம்மா, இவரையா வேலையை விட்டு நிறுத்தறீங்க?" என்று அலறினார் பெங். "இவரு இப்படியெல்லாம் வாங்கிக் குவிக்கலேன்னா, நம்ம 'என் வீட்டுக்காரர் வாங்கிப்போட்டவை' வெப்சைட்டுல நாளையிலிருந்து எதை விக்கிறது?"